அலறலுக்குக் காத்திருந்தவன்

அந்த நீச்சல்குளத்தில் டிக்கெட் கிழித்துக் கொடுப்பவள் அக்கா. கழுத்தில் விசிலோடு உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் காவலாள் அவளுடைய தம்பி. அவனுக்குத் துரை என்று பட்டப்பெயர். வைத்தது அம்மா. எட்டு வயதில் ஒருநாள், "சட்டையை மாட்டுடா, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு" என்றதற்கு, "இரும்மா, யோசிச்சிட்டு இருக்கேன்" என்றானாம். அன்றைக்கு ஒட்டிய பெயர், முப்பத்திரண்டு வயதாகியும் உதிரவில்லை.

நீச்சலில் துரையைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். மீன் தோற்றது. ஆனால் தண்ணீருக்குள் இருக்கும்போது மட்டும்தான் அவன் இந்த உலகத்தில் இருப்பான். நாற்காலியில் ஏறிவிட்டால் உடம்பு மட்டும் அங்கே இருக்கும், ஆள் எங்கேயோ போய்விடுவான்.

எங்கே என்று அக்காவுக்குத் தெரியும். ஒருமுறை வாய்தவறி அவனே உளறியிருக்கிறான். குளத்து நடுவே ஒரு பெண் "காப்பாத்துங்க!" என்று அலறுகிறாள். எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள். துரை நாற்காலியிலிருந்தே பாய்கிறான். அவளை இரண்டு கையிலும் ஏந்திப் படியேறி வருகிறான். யாரோ மைக்கை நீட்ட, "என் கடமையைத்தான் செஞ்சேன்" என்கிறான். இந்தக் கடைசி வசனத்தை மட்டும் நாலைந்து குரலில் சொல்லிப் பார்ப்பானாம்.

"அந்தப் பொண்ணு யாருடா?" என்று கேட்டாள் அக்கா.

"யாருன்னு இல்லக்கா. முகம் தெரியாது."

"எப்படித் தெரியும்? நீ பாக்கறது உன் மூஞ்சியைத்தானே."

இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

அன்றைக்குப் புதன்கிழமை, மத்தியானம் மூன்று மணி. குளத்தில் நாலே பேர். கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் ஓரமாகச் சாய்ந்து அரட்டையில் இருந்தார்கள். ஒரு பெரியவர் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தார். நாலாவது ஆள் கணக்கு டீச்சர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் வலிக்குத் தண்ணீரில் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். மூன்று வாரமாக இடுப்பளவுத் தண்ணீரைத் தாண்டாத மனுஷி, அன்றைக்கு என்ன தோன்றியதோ, நடுவே தடுப்பாகக் கட்டியிருந்த கயிற்றைத் தூக்கி ஆழமான பக்கம் போய்விட்டார்.

டிக்கெட் அறைக்கு இரண்டு ஜன்னல். ஒன்று தெருவைப் பார்க்கும், இன்னொன்று குளத்தைப் பார்க்கும். குடிக்கத் தண்ணீர் எடுக்கத் திரும்பிய அக்கா, பின்ஜன்னல் வழியாக டீச்சரைப் பார்த்தாள். தலை மட்டும் தெரிந்தது. முங்கியது, எழுந்தது, மறுபடி முங்கியது. இல்லாத ஏணியில் ஏறுவதுபோல இரண்டு கையும் தண்ணீரை அமுக்கிக்கொண்டிருந்தன. சத்தமே இல்லை. சின்னப் பிள்ளை விளையாடுகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அந்தக் கண்கள் விளையாடவில்லை.

நேர் எதிரே, பத்தடி தூரத்தில், துரை. முகம் தண்ணீரைப் பார்த்துத்தான் இருந்தது. உதட்டில் ஒரு சின்னச் சிரிப்பு.

"டேய்!" என்று கத்தினாள். கண்ணாடிக்குள்ளிருந்து கத்தி என்ன பயன்? ஓடினாள். ஈரத்தரையில் வழுக்கி முழங்கால் சிராய்ந்தது. அவளுக்கு நீச்சல் தெரியாது. கணுக்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினாலே கரைக்கு ஓடிவிடுவாள். சுவரில் குப்பை அள்ளுகிற வலைக்கம்பு தொங்கியது, அவளைப்போல் மூன்று ஆள் நீளம். அதை உருவி நீட்டினாள். முதல் தடவை நுனி டீச்சரின் தாடையில் இடித்தது. இரண்டாவது தடவை பிடித்துக்கொண்டார். குதிகாலை ஓடுகளில் ஊன்றி, கிணற்றில் வாளி இழுப்பதுபோல் இழுத்தாள் அக்கா. ஓரத்து இரும்புக் கம்பியை டீச்சர் கெட்டியாகப் பிடித்து, இருமி இருமித் தண்ணீரைக் கக்கினார்.

அப்புறம்தான் 'தொப்' என்று சத்தம் கேட்டது. துரை குதித்துவிட்டான்! வில்லாக வளைந்து, பார்க்க அழகாகத்தான் குதித்தான். நாலே வீச்சில் ஓரத்துக்கு வந்து, ஏற்கெனவே கம்பியைப் பிடித்திருந்த டீச்சரைக் கழுத்தோடு வளைத்துப் பிடித்தான்.

அந்தச் சத்தத்துக்குத்தான் பையன்கள் திரும்பினார்கள். கண்டது இவ்வளவுதான்: நனைந்த வீரன், அவன் கையில் ஒரு உயிர். கைதட்டினார்கள். மிதந்துகொண்டிருந்த பெரியவர் நீந்தி வந்து கைகுலுக்கினார். ஒரு பையன் போனை எடுத்து, தரையில் ரத்தக் காலோடு உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்து, "ஆன்ட்டி, கொஞ்சம் தள்ளிக்கங்க, கம்பு மறைக்குது" என்றான்.

தம்பி உண்மையைச் சொல்லுவான் என்று அவள் காத்திருந்தாள். அவன் தலைமுடியை ஒதுக்கிவிட்டு, மூச்சு வாங்க, "என் கடமையைத்தான் செஞ்சேன்" என்றான்.

உடை மாற்றும் அறைக்கு வெளியே அவனைப் பிடித்தாள்.

"என்னடா பண்ணிட்டு இருந்தே? கண்ணு முன்னாடிதானே முங்கினாங்க!"

"அவங்க கத்தவே இல்லையேக்கா."

டீச்சர் ஏதோ விதியை மீறிவிட்டதுபோலச் சொன்னான். நிஜமான மனத்தாங்கல்.

"மூச்சுக்கே காத்து இல்லாதவங்க எதை வெச்சுடா கத்துவாங்க? பயிற்சியில சொல்லித் தந்தாங்களா இல்லையா?"

"தந்தாங்க. முதல் நாளே."

"அப்புறம்?"

"நீ அவசரப்பட்டுட்டே. ஒரு நிமிஷம் பொறுத்திருந்தா நானே குதிச்சிருப்பேன்."

அக்காவுக்கு அடிக்கக் கை வந்தது. முதல் நாளே படித்த பாடம். சான்றிதழ் வீட்டுச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. ஆனால் அந்தப் பாடத்தின் மேல் தினமும் எட்டு மணி நேரம் ஒரு பெண்ணை அலற வைத்து அலற வைத்து, அலறாதவர்கள் முங்கவே மாட்டார்கள் என்று தனக்குத்தானே கற்றுக்கொடுத்திருக்கிறான் முட்டாள்.

மறுநாள் மேனேஜர் துரையின் தோளில் கைபோட்டுக்கொண்டு நடந்தார். அறிவிப்புப் பலகையில் அவன் படம் வந்தது. திங்கட்கிழமை தொடங்கும் குழந்தைகள் வகுப்புக்கு இனி அவன் ஒருவனே காவல் என்றார். இருபது பிள்ளைகள்.

"அவனுக்கு ஒரு நல்ல பேர் வந்திருக்கு. நீ வாயைத் திறந்து கெடுத்துடாதே" என்றாள் அம்மா.

படத்தோடு போயிருந்தால் அக்காவும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பாள். இருபது பிள்ளைகள் என்றதும் பொறுக்கவில்லை. நேராக மேனேஜர் அறைக்குள் போனாள்.

"சார், கம்பை நீட்டி இழுத்தது நான். அவன் பாத்துக்கிட்டே இருந்தான், ஆனா பாக்கலை."

"பாத்துக்கிட்டே பாக்கலையா? என்னம்மா, விடுகதை போடறீங்க?"

"டீச்சரையே கேளுங்க சார்."

மேனேஜர் போன் போட்டார். டீச்சரின் குரல் வகுப்பறைக் குரல், மேஜைக்கு இந்தப் பக்கமும் கேட்டது. "அந்தத் தம்பியா? நான் ஓரத்துக் கம்பியைப் பிடிச்சு மூச்சு வாங்கிட்டு இருந்தப்போ வந்து கழுத்தை நெரிச்சாரே, அவர்தானே?"

துரை நாற்காலியிலிருந்து இறக்கப்பட்டு, அலமாரிச் சாவி கொடுக்கும் இடத்துக்கு மாற்றப்பட்டான். நாற்காலிக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். யாரோடும் பேசமாட்டாள், தண்ணீரைத் தவிர எதையும் பார்க்கமாட்டாள்.

"உனக்குப் பொறாமைக்கா" என்றான் துரை.

"ஆமாடா. கழுத்தை நெரிக்கிற பாக்கியம் எனக்குக் கிடைக்கலையேன்னு."

அப்படி வெடுக்கென்று பேசியவளும் லேசுப்பட்டவள் இல்லை. அடுத்த சில நாள் டிக்கெட் அறையில் உட்கார்ந்து அவளும் ஒரு கோட்டை கட்டினாள். டீச்சர் பூங்கொத்தோடு வருகிறார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார். "அட, இதுக்குப் போய் எதுக்குங்க" என்கிறாள் இவள். கோட்டைக்கு மாடி எழுப்புகிற நேரத்தில் ஒரு வழுக்கைத் தலைக்காரருக்குக் குழந்தை டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டாள். அவர் முறைத்ததும் சுரீர் என்றது. சீ, இது குடும்ப வியாதி.

டீச்சர் அடுத்த வார வெள்ளிக்கிழமை வந்தார். பூங்கொத்து இல்லை. தாடையில் ஒரு பிளாஸ்திரி இருந்தது.

"நீங்கதானே கம்பு நீட்டினது?"

"ஆமாங்க." அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அதோட நுனியில ஒரு ரப்பர் மாட்டச் சொல்லுங்க. இங்க பாருங்க, எப்படிக் கிழிச்சிருக்குன்னு. ஒரு டிக்கெட்."

அக்கா டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. டீச்சர் உள்ளே போகும்வரை அடக்கிக்கொண்டாள். பிறகு பின்ஜன்னல் பக்கம் திரும்பி, அவர் ஆழமில்லாத பக்கம் இறங்கி நடக்கத் தொடங்கும்வரை கண்ணெடுக்காமல் நின்றாள். தெருப்பக்கம் யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். தட்டட்டும் என்று விட்டுவிட்டாள்.