பார்லித் தண்ணி

என் அண்ணன் செந்தில்வேல் வீட்டில் போட்ட பீர் பிரமாதம் என்று அவனுடைய பெங்களூர் நண்பர்கள் இன்றும் சொல்கிறார்களாம். சொல்லட்டும். என் தம்பி இசக்கிமணியின் காக்கிச் சட்டையை அடுப்பில் எரித்துக் காய்ச்சிய பீர் பிரமாதமாக இல்லாமல் எப்படி இருக்கும்?

கம்பெனியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னதும் அண்ணன் குற்றாலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரான மேலகரத்துக்கு வந்து மாடி அறையைப் பிடித்துக்கொண்டான். என் வீட்டுக்காரர் ராணுவத்தில் இருப்பதால் நானும் அம்மாவோடுதான் இருக்கிறேன். அவன் அடித்த கூத்தெல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது. வேலை நேரம் போக மீதி நேரமெல்லாம் பீர். கொரியரில் மால்ட் வந்தது, ஈஸ்ட் வந்தது, ஹாப்ஸ் என்று ஏதோ காய்ந்த பூ வந்தது. கோயில் கொடைக்குச் சோறு பொங்குகிற அண்டாவை மாடிக்கு ஏற்றினான். முளைகட்டிக் காய்ந்த பார்லியை வெந்நீரில் ஊறப்போட்டு, சாற்றை வடித்து, அந்தப் பூவைப் போட்டுக் காய்ச்சுவான். ஆறியதும் மூடி போட்ட வாளியில் ஊற்றி ஈஸ்ட் தூவுவான். மூடியில் செருகிய குழாயில் டொப் டொப்பென்று குமிழி விடும். தொட்டில் பிள்ளையைப் பார்ப்பதுபோல் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பான்.

அப்பா குடித்தே செத்தவர். ராயகிரியில் இருந்த வயலில் பாதி குடிக்குப் போனது, மீதி ஆஸ்பத்திரிக்குப் போனது. குடித்துவிட்டு வந்தவன் சொந்தக்காரனாக இருந்தாலும் அம்மா பந்தியிலிருந்து எழுப்பிவிடுவாள். அவளிடம் பீர் என்று சொல்ல அண்ணனுக்குத் தைரியமில்லை. பார்லித் தண்ணி, வெளிநாட்டு முறை, கிட்னிக்கு நல்லது என்று அளந்துவிட்டான். அம்மாவுக்கு நீர்க்கடுப்பு உண்டு. ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். கசந்தது. மருந்தென்றால் கசக்கத்தானே செய்யும் என்று, அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை டம்ளர். நன்றாகத் தூங்கினாள். எம் மவன் கைராசி என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு என்னால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. அண்ணனிடம்தான் சண்டைக்குப் போனேன்.

"அண்ணே, நம்ம ஊர்ல வீட்ல காய்ச்சினா ஜெயிலுன்னு தெரியும்லா? தம்பி போலீஸுக்கு செலக்ட் ஆயிருக்கான். வெரிஃபிகேஷனுக்கு எப்ப வேணாலும் ஆள் வரும். அது முடியுத வரைக்குமாவது நிப்பாட்டு."

"இது ஹாபி, முத்து. கள்ளச்சாராயம் காய்ச்சுத மாதிரி பேசாத. உலகம் பூரா பண்ணுதாங்க."

"உலகம் பூரா பண்ணட்டும். நீ மேலகரத்துல பண்ணாத."

"சரிட்டி, இதுதான் கடைசி. பாட்டில்ல அடைச்சு நுரை மட்டும் கட்டட்டும்."

இசக்கியையாவது சொல்லச் சொன்னேன். "கோச்சிங் சேத்துவிட்டதே அண்ணன்தானக்கா, என்னத்தச் சொல்ல" என்றான். குடிகாரன் மகன் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டுக் கேட்டு, கல்யாண வீட்டில் கலர் சோடாகூடக் குடிக்காதவன் அவன். விடிவதற்கு முன் குற்றாலம் ரோட்டில் ஓடி ஓடி, இரண்டு தடவை தோற்று, மூன்றாவது தடவை தேறினான். அவனுக்கு இருந்ததெல்லாம் ஒரே ஆசைதான். "சீசன் டூட்டில மெயினருவில நிக்கணும்க்கா. தண்ணி கூடுச்சுன்னா விசில் ஊதி ஆளுகள வெளிய ஏத்தணும்."

சாரல் பிடிக்காமல் வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு நாள், சாதா உடுப்பில் ஏட்டு அய்யாத்துரை வந்தார். இசக்கி சான்றிதழ் நகல் எடுக்கப் போயிருந்தான். தெருவில் நாலு வீட்டில் விசாரித்துவிட்டுத்தான் எங்கள் வீட்டுக்குள் வந்தார். "தங்கமான பையன்னு எல்லாரும் சொல்லுதாங்க ஆத்தா" என்றார். அம்மாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெயிலில் அலைந்து நீர்க்கடுப்பாகிவிட்டது, வண்டியில் உட்கார முடியவில்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

அம்மாவுக்கு அது போதும். நான் அடுப்படியிலிருந்து டீயோடு வருவதற்குள் ஃபிரிட்ஜைத் திறந்து ஊற்றிக் கொடுத்துவிட்டாள். டம்ளர் அவர் வாயில் இருந்தது.

ஒரு மடக்குதான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அம்மாவையே பார்த்தார்.

"இது எங்க வாங்குனிய ஆத்தா?"

"வாங்கவா? எம் மூத்தவன் வீட்லயே போடுதான். நானே தெனமும் குடிக்கேன். கடுப்பெல்லாம் சொன்ன மாதிரி கேக்கும்."

அவர் ஃபைலை எடுத்துக் கக்கத்தில் வைத்தார். கண்டும் காணாமல் போயிருப்பார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அந்த நேரம் பார்த்து அண்ணன் மாடியிலிருந்து இறங்கி வந்தான். யாரோ வந்திருக்கிறார், கையருகே தன்னுடைய சரக்கு இருக்கிறது, அவ்வளவுதான் அவன் கண்ணில் பட்டது. முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

"எப்படி சார் இருக்கு? கசப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கும். ஹாப்ஸ் கூடப் போட்டிருக்கேன். கடையில கிடைக்கிற பீர் எல்லாம் இது பக்கத்துல நிக்க முடியாது. மேல இன்னும் ரெண்டு வாளி இருக்கு, வாங்க காட்டுதேன்."

நான் கண்ணைக் காட்டினேன், தலையை ஆட்டினேன். பெருமை பேசுகிறவனுக்கு எது தெரிகிறது?

"அண்ணே, இவுக ஏட்டையா. தம்பி விஷயமா வந்திருக்காக."

அண்ணன் முகம் செத்துப்போனது. ஏட்டையா சலித்துக்கொண்டார். "நீங்களே வாயத் தொறந்து சொன்ன பிறகு நான் செவிடன் மாதிரி போக முடியாது சார். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இது நீங்க மட்டும் செஞ்சதா? தம்பிக்குச் சம்பந்தமில்லன்னா அவர் வெரிஃபிகேஷன்ல நான் அப்படியே எழுதிருதேன்."

'ஆமா, நான் மட்டும்தான்.' இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. கம்பெனியில் அண்ணனை ஜெர்மனிக்கு அனுப்பப் பேசிக்கொண்டிருந்த நேரம், கேஸ் என்றால் அது கெட்டுவிடுமோ என்று பயம். தரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"நானும் தம்பியும் சேந்துதான் சார். சும்மா ஒரு ஹாபியா."

"பொய் ஏட்டையா!" என்று கத்தினேன். "கூடப்பிறந்த அண்ணனே சொல்லுதாரும்மா" என்றார் அவர். பாதி பழியைத் தம்பி தலையில் வைத்தால் தன் பாரம் குறையும் என்று நினைத்தானாம். பிறகு என்னிடமே சொன்னான், வெட்கமில்லாமல்.

அம்மா டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு, "அப்போ நான் இத்தன நாளா குடிச்சது?" என்று கேட்டாள். கொல்லைப்புறம் போய் விரலை விட்டு வாந்தி எடுத்தாள்.

இரண்டு பேர் மேலும் கேஸ் போட்டார்கள். அண்ணன் கோர்ட்டில் ஒத்துக்கொண்டு அபராதம் கட்டி முடித்துக்கொண்டான். கொஞ்ச நாளில் ஜெர்மனிக்கும் போய்விட்டான். செய்யாததை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று இசக்கி நின்றான். அதனால் அவன் கேஸ் மட்டும் இன்னும் நடக்கிறது. வேலைப் பட்டியலில் அவன் பெயர் இல்லை.

இந்த வருஷம் சீசனுக்கு அண்ணன் லீவில் வந்தான். வாடகைக் கார் எடுத்து, வரமாட்டேன் என்ற அம்மாவை வம்பாக ஏற்றி, என்னையும் கூட்டிக்கொண்டு குற்றாலம் போனான். கார் நிறுத்துகிற இடத்தில், சாரலில் நனைந்துகொண்டு இசக்கி டோக்கன் கிழித்துக்கொண்டிருந்தான். ஒப்பந்தக்காரரிடம் கூலிக்கு நிற்கிறான். தூரத்தில் அருவிப் பக்கம் விசில் கேட்டது. அவனோடு சேர்ந்து ஓடிப் பழகிய பையன்தான் அங்கே காக்கியில் நிற்கிறான். சத்தம் வந்த பக்கம் இசக்கி ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு எங்கள் காரிடம் வந்தான்.

அண்ணன் கண்ணாடியை இறக்கினான். "ஏலே, ஏறுல. எல்லாருமா குளிச்சிட்டு வருவோம்."

இசக்கி டோக்கனை நீட்டினான். "வண்டிய அங்கன போடுங்க சார்."

அண்ணன் சிரிக்கப் பார்த்தான். பின் சீட்டிலிருந்து அம்மா பேசினாள். அந்த நாளுக்குப் பிறகு அவள் அவனிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"நானும் தம்பியும் சேந்துதான்னு அன்னைக்குச் சொன்னெல்லா. எறங்கு. எறங்கி அவங்கூட நின்னு டோக்கன் கிழி."

அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான். பின்னால் ஹாரன் அடித்தார்கள். இசக்கி எங்களைச் சுற்றிக்கொண்டு வரும்படி அடுத்த வண்டிக்குக் கையைக் காட்டினான்.