பாப்பாரப்பட்டிச் சுற்றின் சாம்பியன்

நாற்பது வருடங்களுக்கு முன்பு ஆடிப்பெருக்கு தோறும் பாப்பாரப்பட்டியைச் சுற்றியுள்ள சாலைகளில் மோட்டார் சைக்கிள் பந்தயம் நடக்கும். கடைசிப் பந்தயத்தில் ஜெயித்தவர் மாது என்கிற இளைஞர். அடுத்த வருடமே போலீஸ் தடை போட்டுவிட்டதால் அவரைத் தோற்கடிக்க யாருக்கும் வாய்ப்பு கிடைக்கவில்லை. அந்தப் பெருமையிலேயே அவருக்கு எழுபது வயதும் ஆகிவிட்டது.

பந்தயத்தின் வரலாற்றை எழுத தர்மபுரியிலிருந்து ஷாஹீன் என்கிற கல்லூரி ஆசிரியை வந்தார். மாது அவரைப் பழைய பாதை நெடுகக் கூட்டிப்போனார். பெரிய வளைவில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த செல்லம்மாள் மாதுவை உற்றுப் பார்த்தாள்.

“அன்னிக்கு ரோட்ட வுட்டுட்டு எங்க கடலக்காட்டுல பூந்து குறுக்கால போனவரு நீங்கதானுங்களே?”

ஷாஹீன் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்.

“ஆமாங்கம்மா,” என்றார் மாது. “நாயமா ஜெயிச்சது ரெண்டாவதா வந்த காஜாதான். வாங்க, அவங்கிட்டயே சொல்லிடறேன்.”

காஜா இப்போது கடைத்தெருவில் செருப்புக்கடை வைத்திருந்தார். மாது மன்னிப்புக் கேட்டு முடிக்கும்வரை பொறுமையாக இருந்தவர், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

“அட போ மாது! உன் டயர் தடத்தப் புடிச்சிக்கிட்டுத்தான் நானும் வந்தேன். எனக்குப் பின்னால வந்த அத்தன பேரும் அந்தக் காட்டுலதான் வந்தானுங்க!”

மாதுவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

போன மாதம் புத்தகம் வெளிவந்துவிட்டது. அதிலுள்ள வரைபடத்தில் பந்தயப் பாதை பெரிய வளைவைத் தொடாமல் நேராகச் செல்லம்மாளின் கடலைக்காட்டுக்குள் போகிறது. சாம்பியன் மாதுதான்.