மேனுகா உடுத்தாத சாறி

காத்தான்குடியில் பஹீமாவின் சாறிக்கடைக்குப் படத்துக்கு நின்றவள் மேனுகா. கல்லடியிலிருந்து வேலைக்கு வந்தவள். அவள் உடுத்தி நின்ற சாறி முகநூலில் போட்ட அன்றே விலைப்பட்டுவிடும். போன மாரியில் டெங்குக் காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது.

அதன்பிறகு பஹீமா ஒரு ஏஐ செயலியைப் பழகிக்கொண்டாள். சாறியை விரித்துப் படமெடுத்துக் கொடுத்தால், அதை உடுத்திய ஒரு பெண்ணை அது உண்டாக்கித் தரும். வந்த முகம் எதுவும் அவள் மனதில் ஒட்டவில்லை. ஒருநாள் மேனுகாவின் பழைய படத்தையும் சேர்த்துக் கொடுத்தாள். புதிதாக வந்திறங்கிய பச்சைச் சாறியில் மேனுகா வந்து நின்றாள். பஹீமா அழுதாள். அழுது முடித்து, அந்தப் படத்தையே கடையின் முகநூல் பக்கத்தில் போட்டாள்.

அந்த வாரமே மேனுகாவின் புருஷன் சுதாகரன் வந்தான். வாசலில் நின்றபடி கைபேசியை நீட்டினான்.

“இந்தச் சாறிய அவ எப்பக்கா உடுத்தவ?”

“உடுத்தல்ல தம்பி. கம்பியூட்டர் செஞ்ச படம்.”

“மகள் பக்கத்து வீட்டுப் போன்ல பாத்துட்டாள். அம்மா கடையிலதான் நிக்கிறாவாம், ஏன் வீட்ட வரல்லயெண்டு கேக்கிறாள்.”

அவன் குரலில் கோபமில்லை. அதுதான் பஹீமாவுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

“உங்களக் கேட்டிருக்கணும். என்ட பிழைதான்” என்றவள், அவன் கண்முன்னே படத்தை அழித்தாள். பிறகு கடையைச் சாத்தினாள். “புள்ளைக்கிட்ட நானே சொல்றன். வாங்க.”

மகள் தனுஷியா அந்த வருடம்தான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியவள். முற்றத்து மணலில் அவளுக்குப் பக்கத்தில் குந்திய பஹீமா, “அந்தப் படம் மாமி செஞ்சது மகள். அம்மா கடையில இல்ல” என்றாள்.

பிள்ளை யோசித்தது.

“அப்ப இன்னொண்டு செஞ்சு தாங்க. அம்மாக்குப் பக்கத்துல நான் நிக்கிற மாதிரி.”

சுதாகரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். செய்வதென்றால் ஒரு நொடி வேலை. பஹீமாவின் விரல் தன் கைபேசியில் அந்தச் செயலிக்கு மேலே போய் நின்றது. செய்து கொடுத்தால், இந்தப் பிள்ளை வளர வளர அந்தப் படத்தைத்தான் அம்மா என்று நினைத்துக்கொண்டிருக்கும். விரலை எடுத்தாள். பழைய படங்களுக்குள் தேடி, கடைக்கு உதவாதென்று ஒதுக்கிய ஒன்றை எடுத்து, கைபேசியைப் பிள்ளையின் கையில் கொடுத்தாள்.

“இது நெசமா எடுத்தது. நான் ஏதோ சொல்ல, அம்மா சிரிச்சவ.”

“கண் மூடிட்டா.”

“ஓம் மகள்.”

சுதாகரன் வந்து குனிந்து பார்த்தான். “அவ சிரிச்சா அப்பிடித்தான்” என்றான்.

தனுஷியா கைபேசியைத் திருப்பித் தரவில்லை. பஹீமாவும் கேட்கவில்லை.