தூங்காத வண்டி

நான்காவது திங்கட்கிழமையும் வண்டி கிளம்பவில்லை. பொத்தானை அழுத்தினால் உள்ளே எங்கோ ஒரு 'டிக்'. அவ்வளவுதான்.

வாதம் வந்து படுத்தவர்களின் வீடுகளுக்குப் போய், கை பிடித்து எழுப்பி நடக்க வைப்பது அவள் வேலை. எட்டு மணிக்கு ஒருவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காத்திருப்பார். அவருக்குப் போன் போட்டு, இன்றைக்கும் தாமதமாகும் என்று சொல்ல வேண்டியிருந்தது. பேசி முடிப்பதற்குள் அப்பா வாசலுக்கு வந்துவிட்டார்.

"உள்விளக்க அணைச்சியா?"

"அணைச்சேம்பா."

"அணைச்சா பேட்டரி எப்படி இறங்கும்? காத்தா குடிச்சுட்டுப் போச்சு?"

நாற்பத்திரண்டு வயதில், விளக்கை அணைத்தேன் என்று நிரூபிப்பதற்கு என்ன வழி இருக்கிறது?

முதல் முறை வந்தபோதே மெக்கானிக் புது பேட்டரி போட்டிருந்தான். அதுவும் இறங்கியதும், "எதையாவது அணைக்காம விட்டிருப்பாங்க சார்" என்றான். அவள் பக்கத்தில்தான் நின்றாள். ஆனால் அவன் சொன்னது அப்பாவிடம். அப்பா அதைத் தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டு, அவன் முன்னாலேயே அவளுக்குப் பொறுப்பு பத்தாது என்றார். வண்டி அவர் பெயரில் இருந்தது. இந்த நான்காம் திங்கள் மாலை அவளுடைய அண்ணனுக்குப் போன் செய்து, "ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துட்டுப் போயிடுப்பா, இவளுக்குப் பொறுப்பு பத்தல" என்று சொல்லிவிட்டார். வண்டி போனால் ஊரின் நான்கு மூலையிலும் இருக்கிற பதினோரு நோயாளிகளில் பாதிப் பேரை அவள் விட வேண்டியிருக்கும். அப்பாவுக்கு அது தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

ஞாயிறு காலை அவள் மெக்கானிக்கை வரவழைத்தாள்.

"பேட்டரிய மாத்த வேணாம். நிக்கிற வண்டி எவ்வளவு கரண்ட் இழுக்குதுன்னு அளந்து காட்டுங்க."

"மேடம், அதுக்கு ரொம்ப நேரம் ஆகும்."

"ஆகட்டும்."

பானெட்டைத் திறந்து வைத்து, எல்லாக் கதவுகளையும் பூட்டினான். அப்பா சாவியை வாங்கி உள்ளே கொண்டுபோய் மாட்டினார். பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி இடையில் மீட்டரைச் சேர்த்தான். ஒரு ஆம்பியருக்கு மேல் காட்டியது.

"பூட்டினதும் இப்படித்தான் காட்டும். அரை மணி நேரத்துல உள்ள எல்லாம் தூங்கிடும், அப்ப ஒண்ணுமே இருக்காது."

காத்திருந்தார்கள். அரை மணி, முக்கால் மணி. எண் இறங்கவே இல்லை. வண்டிக்குள் ஒரு விளக்குகூட எரியவில்லை. கண்ணாடியில் முகம் வைத்துப் பார்த்துவிட்டு, அவனையும் பார்க்கச் சொன்னாள்.

"பாத்தீங்களா? எந்த விளக்கு எரியுது?"

அவன் தலையைச் சொறிந்துகொண்டான். பானெட்டுக்குள் இருந்த பெட்டியைத் திறந்து ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மீட்டரைப் பார்த்து, திரும்பச் செருகினான். ஒன்பதாவதைப் பிடுங்கியதும் எண் தொப்பென்று விழுந்தது.

"இது சாவி பக்கத்துல இருக்கான்னு கண்டுபிடிக்கிற பெட்டிக்குப் போற லைன். பெட்டி போயிடுச்சு. புதுசு வரவழைக்கணும்."

ஃபியூஸைச் செருகியதும் எண் மறுபடி ஏறியது. அதைப் பார்த்ததும் அவளுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. இரண்டு வாரம் முன்பு பயிற்சிக்குப் போன ஊரில் இதே வண்டி மூன்று நாள் நின்றது. நான்காம் நாள் முதல் அழுத்தலிலேயே கிளம்பியது. பெட்டி கெட்டிருந்தால் அங்கேயும் கெட்டதுதானே? அங்கே சாவி விடுதியின் மூன்றாம் மாடியில், அவள் கைப்பையில் இருந்தது.

இங்கே?

அப்பா முப்பத்தைந்து வருடம் ஒரு கிடங்குக்குப் பொறுப்பாளராக இருந்தவர். வீட்டிலும் சாவிகளுக்கு ஒரு பலகை, எண் போட்ட கொக்கிகள். பீரோ சாவி ஒன்று, மாடிக் கதவு இரண்டு. ஒரு மாதம் முன்பு அவள் கைப்பையில் கார் சாவியைத் துழாவிக்கொண்டிருந்ததைப் பார்த்து, இனி அது மூன்றாம் கொக்கியில்தான் தொங்க வேண்டும் என்று சட்டம் போட்டார். பலகை முன் சுவரின் உட்புறம். அதே சுவரின் வெளிப்புறத்தை முட்டுகிறாற்போல் நிற்கிறது வண்டி. நடுவில் ஒரு செங்கல் அகலம்.

அவள் உள்ளே போய்ச் சாவியை எடுத்தாள்.

"எங்க எடுத்துட்டுப் போற?" என்றார் அப்பா.

பின்கட்டு வரை போய், துணி துவைக்கும் கல்லின் மேல் வைத்துவிட்டுத் திரும்பினாள். சில நிமிடங்களில் வெளியிலிருந்து சத்தம் வந்தது.

"மேடம், இறங்குது! முப்பது மில்லி ஆம்பியர்தான் காட்டுது!"

சாவியைக் கொண்டுவந்து மூன்றாம் கொக்கியில் மாட்டினாள். ஏறியது. எடுத்துப் போனாள். இறங்கியது. மூன்று முறை செய்தாள். மூன்றாம் முறை அப்பாவை மீட்டருக்கு முன் நிற்கச் சொன்னாள்.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு சார்" என்றான் மெக்கானிக். "சாவி பக்கத்துலயே இருக்கறதால, ஆள் வந்துட்டாங்கன்னு நெனச்சு வண்டி ராத்திரி பகலா முழிச்சிட்டே இருக்கு. வெள்ளிக்கிழமை நிறுத்தினா திங்கக்கிழமை எப்படிக் கிளம்பும்?"

அப்பா மீட்டரையே பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி, காரணம் தெரிஞ்சு போச்சு. விடு."

"விடறதா?" அவள் குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது. "பொறுப்பு பத்தலன்னு அண்ணன்கிட்ட சொன்னீங்க. இவர் முன்னாடியும் சொன்னீங்க. இப்ப அதே வாயால சொல்லுங்கப்பா, யாரு காரணம்னு."

"பொழுது போகலையா உனக்கு? அவன்கிட்ட வர வேணாம்னு சொல்லிடறேன், போதுமா?"

போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். போட்டார்.

"வண்டி சரியாயிடுச்சுப்பா. ஏதோ சின்னக் கோளாறு. நீ வர வேணாம்."

"அப்படியா? நல்லது" என்றான் அண்ணன். "இனிமேலாவது அவள கவனமா இருக்கச் சொல்லுங்க."

"சொல்றேன், சொல்றேன்" என்றார் அப்பா.

மெக்கானிக் குனிந்து வயரைச் சுருட்ட ஆரம்பித்தான். அவள் அப்பாவின் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"அண்ணே, அணைக்காம விட்டது நான் இல்ல. அப்பா மாட்டி வெச்ச சாவிதான் பேட்டரியத் தின்னுச்சு. மீட்டர் இங்க இருக்கு, மெக்கானிக்கும் இங்கதான் இருக்கார். வேணும்னா கேளு."

அவன் கேட்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"நாளைக்கு வண்டிய என் பேருக்கு மாத்தக் கையெழுத்துப் போட அப்பாவ நான் கூட்டிட்டுப் போறேன். அவர் வரலன்னா, அவரோட கண் ஆஸ்பத்திரிக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் இனிமே நீ வந்து கூட்டிட்டுப் போ. பொறுப்பானவன் நீதானே."

போனை அப்பாவிடம் திருப்பிக் கொடுத்தாள். அவர் அதைக் காதில் வைக்கவில்லை.

"எத்தனை மணிக்கு?" என்றார், தரையைப் பார்த்தபடி.

"பத்துக்கு. எட்டு மணிக்கு எனக்கு ஒருத்தர் காத்துட்டிருக்கார்."