கடப்பு வைத்த வீடு

மீராசாஹிபு ஹாஜியார் சும்மா கிடைக்கிற எதையும் தொடமாட்டார். கரையில் ஒதுங்கிய மரத்துண்டைக்கூட, ஆருடையது ஆருடையது என்று ஊர் முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் விறகாக்கினவர். அப்படிப்பட்ட மனிதர், கல்முனையில் புதிதாகத் திறந்த கட்டடக்கலைக் கல்லூரிக்காரர்கள் வந்து மகளுக்கு வீட்டுப் பிளான் சும்மா கீறித் தருகிறோம் என்றபோது ஓம் என்றதுதான் சாய்ந்தமருதில் பெரிய புதினம்.

ஓம் என்றதற்குக் காரணம் இருந்தது. அந்தப் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கலியாணப் பேச்சே எடுக்க முடியாது. மூத்தவள் றிபாவுக்கு, கரைவலை முதலாளியாக இருந்து கட்டின கல்வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, அவரும் மனைவி லைலாவும் அதே வளவின் ஓரத்தில் சின்ன வீடொன்றில் ஒதுங்கிக்கொண்டார்கள். இப்போது இளையவள் அஸ்மியாவுக்குப் பேசி முடித்தாயிற்று. மாப்பிள்ளை கட்டாரில் வேலை. றிபாவின் வளவுக்குப் பின்னால் வெறுங்காணி கிடந்தது. ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த கையோடு அத்திவாரம் வெட்ட வருவதாக மேசன்மார் சொல்லிவிட்டார்கள். பிளான்தான் இல்லை.

கல்லூரியில் படிப்பிக்கும் பர்ஸான் மருதமுனைப் பொடியன். இல்லாத காணியில் இல்லாத ஆளுக்கு வீடு கீறச் சொல்கிற பழக்கம் அவனிடம் இல்லை. உண்மையான காணி, உண்மையான வீட்டுக்காரர். மூன்றாம் வருடப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே காணிக்கு ஆளுக்கொரு வீடு கீறி, அட்டையில் மாடலும் செய்யவேண்டும். கடைசி நாளில் வீட்டுக்காரரே ஸ்டூடியோவுக்கு வந்து எல்லார் முன்னாலும் கேள்வி கேட்பார். பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் விட்டுவிட்டுப் போகலாம்.

"விட்டுட்டு மட்டும் போகமாட்டன் தம்பி. ஏசிப்போட்டுத்தான் போவன்," என்றார் ஹாஜியார்.

"அதுக்குத்தான் உங்களக் கூப்பிடுறன். நான் ஏசினா, சேர் மார்க்கக் குறைக்கத்தான் ஏசுறார் எண்டு நினைக்கிறாங்க."

சுனாமிக்குப் பிறகு எங்கிருந்தோ வந்து பிளான் கீறிக் கட்டின வீடுகளை அவர் மறக்கவில்லை. கக்கூசைத் தொழுகிற திசையான கிப்லாவைப் பார்க்க வைத்துவிட்டுக் கை குலுக்கிப் போனவர்கள். ஆகவே அன்று காலை ஸ்டூடியோவுக்குள் நுழையும்போதே, இண்டைக்கு ஆரும் என்னை ஏமாத்த ஏலாது என்ற முகத்தோடுதான் நுழைந்தார்.

பெரிய மண்டபம். சுவர் முழுக்கத் தாள். மேசைகளில் முழங்கை உயரத்துக்கு வீடுகள். நித்திரை முழித்துச் சிவந்த கண்களோடு பிள்ளைகள் அவற்றுக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

முதலாவது வீடு முபீன் என்ற பொடியனுடையது. மாடிவீடு. முன்னால் தூண்கள், பெரிய இரும்புக் கேற், காணியைச் சுற்றி ஆள் உயரத்துக்கும் மேலான மதில். ஹாஜியாரின் நெஞ்சு குளிர்ந்துபோனது.

"இது வீடு. மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினா வாயப் பிளக்கோணும். பின்னால கிடந்த கடப்பையும் அடைச்சிட்டாய். கெட்டிக்காரன்."

கடப்பு என்பது பின்வேலியில் விட்டிருக்கும் ஓர் ஆள் நுழையும் இடைவெளி. றிபாவின் குசினியிலிருந்து பின்காணிக்கும், அதற்கப்பால் அடுத்த வளவுகளுக்கும் பெண்கள் அதனால்தான் போய் வருவார்கள். வீதியில் இறங்கத் தேவையில்லை. கறிக் கோப்பை போகும், பிள்ளை போகும், ஊர்க்கதை முழுக்கப் போகும். ஹாஜியாருக்கு அதைக் கண்ணில் காட்டக்கூடாது. போன மாரியில் அவருடைய சேவல் ஒன்று காணாமல் போனது அந்தக் கடப்பால்தான் என்பது அவருடைய தீர்ப்பு. மருமகன் கட்டாரில் இருக்கப்போகிறான், மகள் தனியே இருக்கப்போகிறாள். நாலு பக்கமும் மதில் இல்லாமல் எப்படி?

"மத்ததெல்லாம் பாக்கத் தேவல்ல," என்று அவர் கதிரையிலிருந்து எழும்பினார். "இதையே தாங்க."

"என்டதப் பாக்காமப் போக ஏலாது ஹாஜியார்," என்று கடைசி மேசையிலிருந்து ஒரு குரல் வந்தது. நெற்றியில் பொட்டு வைத்த மெல்லிய பெட்டை. பேர் சுஜித்தா. "கிழமைக்கணக்கா நித்திரை இல்லாமச் செஞ்சிரிக்கன்."

"நீ ஆர்ர மகள்?"

"பாண்டிருப்பு கனகரெத்தினத்தாரின்ட."

"வயல் செய்யிற கனகரெத்தினமா? நெல்லுக்குள்ள பதர் கலந்து எனக்கு வித்தவனெல்லோ?"

"நீங்க எங்கட அப்பாக்குப் புழுத்த கருவாடு வித்ததாத்தான் எங்கட வீட்டில கதை."

மண்டபம் கொல்லென்று சிரித்தது. பர்ஸான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான். ஹாஜியார் சிரிக்கவில்லை. ஆனால் கால் தானாகக் கடைசி மேசைக்குப் போனது.

மாடி இல்லாத பணிந்த வீடு. முன்னால் அளவான மண்டபம். ஆனால் பெரிய விறாந்தை பின்பக்கம் இருந்தது, றிபாவின் வளவைப் பார்த்து. அந்தப் பக்கம் மதிலே இல்லை. வேலி, வேலியின் நடுவில் கடப்பு.

"என்ன புள்ள இது? வீட்டுக்கு முதுகு எது முகம் எது எண்டு தெரியாமக் கீறியிரிக்காய். வேலியில ஓட்டை வேற."

"ஓட்டையில்ல, கடப்பு. நான் வெக்கல்ல, அங்க இருந்தது. நான் காணி அளக்க வந்த நேரமெல்லாம் முன் கேற்றால வந்தது நீங்களும் மீன்காரரும்தான். பொம்பிளைகள் எல்லாரும் கடப்பாலதான் வந்தாங்க."

"அதாலதான் அடைக்கச் சொல்றன். கள்ளன் வருவான்."

"கள்ளன் வாற வழியாலதான் அவனப் பிடிக்க ஆக்களும் வருவாங்க. நாலு பக்கமும் மதில் கட்டிப்போட்டு, உள்ள இருந்து அஸ்மியா கூப்பிட்டா றிபா அக்காக்குக் கேக்குமா?"

"இத ஆர் உனக்குச் சொல்லித் தந்த?"

"அஸ்மியாக்கிட்டக் கேட்டன். கடப்ப அடைச்சா அந்த வீட்டில தனிய இருக்கமாட்டன் எண்டு சொன்னா. உங்களுக்கிட்டச் சொல்லப் பயமாம்."

ஹாஜியாருக்கு இரத்தம் தலைக்கேறியது. "கட்டுறது நான். அவக்கிட்ட என்ன கேள்வி?"

"வீடு ஆர்ர பேரில எழுதப்போறீங்க?"

இதற்கு அவரிடம் பதில் இருந்தது. ஊரில் எல்லாரிடமும் இருக்கிற பதில்தான்: மகளின் பேரில். அதைச் சொன்னால் பெட்டை வென்றுவிடுவாள் என்பதால் பர்ஸானைத் திரும்பிப் பார்த்தார். பர்ஸான் முன்னால் வந்தான்.

"பிழை எனக்கிட்டயும் இரிக்கி ஹாஜியார். வீட்டுக்காரர் எண்டு பிள்ளைகளுக்கு உங்கட பேரத்தான் குடுத்தன். இந்தப் பக்கத்தில பிறந்த எனக்கு, வீடு பொம்பிளைக்கெண்டு தெரிஞ்சிரிக்கோணும்."

பேசித் தோற்கிற இடத்தில் நிற்கிற ஆளில்லை மீராசாஹிபு. சாரத்தை இடுப்பில் இறுக்கிக்கொண்டு குந்தினார். மாடலின் வீதிப்பக்கத்தில் கன்னத்தை மேசையோடு வைத்து, ஒரு கண்ணை மூடி, மற்றக் கண்ணால் முன்வாசலுக்குள் பார்த்தார். அட்டை வீட்டை மேலே நின்று காகம் பார்க்கிற மாதிரிப் பார்க்காதீர்கள், வீதியில் நின்று பாருங்கள் என்று பர்ஸான் வருடம் முழுக்கப் பிள்ளைகளிடம் கத்தினது அதைத்தான். எழும்பும்போது ஹாஜியாரின் முகத்தில் வெளிச்சம் இருந்தது.

"இஞ்ச வா புள்ள. குனி. என்ன தெரியுது?"

சுஜித்தா குனிந்தாள். "முன் வாசலும் பின் வாசலும் ஒரே நேருக்கு இரிக்கு. காத்து நேரா வரும்."

"காத்த விடு. வீதியில நிக்கிற மீன்காரனுக்கு என்ட மகள்ர குசினி தெரியுது. கடப்பால வாற பொம்பிளைகள் அத்தனை பேரும் தெரியிறாங்க. வீதியில இறங்காம இரிக்கத்தானே கடப்பு? நீ அதக் கொண்டுபோய் வீதிக்குக் காட்டுறாய்."

அவள் முகம் சிவந்தது. பாண்டிருப்பில் அவளுடைய வீடு அப்படித்தான். முன்வாசலில் நின்றால் பின்வாசலும் கிணறும் தெரியும், தெரியத்தான் வேண்டும். அஸ்மியாவிடம் அத்தனையும் கேட்டவள், இதைக் கேட்கவேண்டும் என்றே நினைக்கவில்லை. கை தன்பாட்டில் தன் வீட்டைக் கீறிவிட்டது.

"எங்கட வீடுகளில நேராத்தான் இருக்கோணும்," என்றாள் மெதுவாக.

"எங்கட வீடுகளில இருக்கப்படா."

இனிப் பெட்டை அழும், அல்லது முறைத்துக்கொண்டு போகும் என்று ஹாஜியார் எதிர்பார்த்தார். அவளோ அட்டை வெட்டும் கட்டரை எடுத்தாள். உள்சுவர்களைப் பசை வைத்து ஒட்டக்கூடாது, குண்டூசிதான் குத்தவேண்டும் என்பது அந்த ஸ்டூடியோவில் சட்டம். கடைசி நிமிடம்வரை வீடு மாறலாம் அல்லவா. ஊசிகளைப் பிடுங்கினாள். பின்வாசலை ஒரு பக்கம் நகர்த்தினாள், மண்டபத்துக்குப் பின்னால் ஒரு மறைசுவரை வெட்டி நிறுத்தினாள். வலையில் கிழிசல் கண்டால் கரையிலேயே குந்தி முடிச்சுப் போடுகிற ஆளைத்தான் ஹாஜியார் வாழ்நாள் முழுக்கத் தன் வலைக்குத் தேடினவர்.

"இப்ப பாருங்க."

குந்தினார். பார்த்தார். மண்டபம் தெரிந்தது, பிறகு சுவர்.

"காத்து?"

"வளைஞ்சு வரும். கடல் காத்துக்கு இந்த யன்னல் இரிக்கு."

"காத்து உன்ட சொல்லுக் கேக்குமோ?"

"உங்களோட ஒப்பிட்டா, காத்து நல்லாக் கேக்கும்."

இந்த முறை ஹாஜியாரும் சிரித்துவிட்டார். "சரி. இத நான் கொண்டுபோறன். அஸ்மியா பாக்கட்டும்."

"ஏலாது. இன்னும் மார்க் போடல்ல."

"என்ன, நான் களவெடுத்திருவனோ?"

"தெரியா. நானும் வாறன்."

ஆரையும் நம்பாத பிள்ளை. அவருக்கு அது மிகவும் பிடித்துப்போனது. ஓட்டோவில் மாடலின் ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை அவள் விடவில்லை. பர்ஸான் பின்னால் மோட்டார்சைக்கிளில் வந்தான்.

அஸ்மியா பின்காணியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றாள். றிபாவின் வாசலில் இறங்கிய ஹாஜியார், வழக்கம்போல வீதியால் சுற்றிப் போகத் திரும்பினார். சுஜித்தா அதற்குள் றிபாவின் குசினிப் பக்கத்தால் நடக்கத் தொடங்கிவிட்டாள். மறுமுனை தன் கையில் இருந்ததால் அவரும் இழுபட்டுப் போனார். கடப்பில் மாடல் பலகை இறுகி நின்றது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

"சரிச்சுப் பிடிங்க வாப்பா," என்று அஸ்மியா ஓடி வந்தாள். "சஹனையும் நாங்க அப்படித்தான் கொண்டு வாறம். பெருநாளைக்கு ரெண்டு பேர் தூக்கினா சோறு பாதி வேலிக்குத்தான்."

அவர் மகளைப் பார்த்தார். பெருநாள் சோற்றுத் தட்டு எந்த வழியால் தன் முன்னால் வந்தது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. பலகையைச் சரித்தார். வீடு கடப்பைத் தாண்டியது.

கிணற்றுக்கட்டில் வைத்து அஸ்மியாவும் ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். முன்னாலிருந்து பார்த்தாள், பின்னாலிருந்து பார்த்தாள். விறாந்தையை விரலால் தடவினாள். பிறகு முகத்தைச் சுளித்தாள்.

"என்ன புடிக்கல்லையா?" என்றாள் சுஜித்தா.

"வீடு புடிச்சிரிக்கி. கடப்பு போதா."

சுஜித்தா கட்டரை நீட்டினாள். அஸ்மியா வாப்பாவைப் பார்த்தாள்.

"என்னப் பாத்து என்ன? உன்ட வீடு. வெட்டு," என்றார் ஹாஜியார். வேலி அட்டை ஆடாமல் இரண்டு பக்கமும் அவரே அமுக்கிப் பிடித்தார். "ஒள்ளுப்பமா வெட்டாத. ரெண்டு பேர் சஹனோட நேரா நடந்து வாற அளவுக்கு வெட்டு. ஒரு கதவும் போடோணும் மகள், என்ட சேவல் கதைய நான் மறக்கல்ல."

"கதவு போடலாம்," என்றாள் சுஜித்தா. "ரெண்டு பக்கமும் திறக்கிற கதவு."

அஸ்மியா வெட்டி முடிக்கும்வரை பிடித்துக்கொண்டே, பக்கத்தில் நின்ற பர்ஸானிடம் சொன்னார்:

"இந்தப் புள்ளைக்கு இப்பவே, என்ட கண்ணுக்கு முன்னால மார்க்கப் போடு தம்பி. பிறகு போடுறன் எண்டு சொல்ற ஆக்கள நான் நம்புறல்ல."