துண்டுக்காரியின் பாட்டு வேண்டுமா, வேண்டாமா

1.

இந்தக் கதை எனக்கு மாடிப்படியில் கிடைத்தது. புடாபெஷ்டில் நான் குடியிருக்கும் கட்டடத்தில் லிப்ட் கெட்டால் சரிசெய்ய ஒரு பருவகாலம் ஆகும். மூன்றாம் மாடிக்காரி எதெல்கா வத்னாய் மேலே போகும் வழியில் இரண்டாம் மாடியில் மூச்சு வாங்க நிற்பாள். அது என் கதவுக்கு நேர் எதிர். நிற்கிறவள் சும்மா நிற்கமாட்டாள், பேசுவாள்.

மூன்று முறை இதைச் சொன்னாள். முதல் முறை, அவளோடு வேலை செய்த ஆகோஷ் பொய்யனாக இருந்தான். இரண்டாம் முறை கோழை. மூன்றாம் முறை நல்லவன். ஒரே ஆளைப் பற்றி ஒரே வாயிலிருந்து மூன்று தீர்ப்பு வந்தால், எழுதுகிறவனுக்குத் தூக்கம் போகுமா போகாதா?

முதலில் இப்படித் தொடங்கினேன்: "புடாபெஷ்ட் நகரில் பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில்..." (வேண்டாம். பனியைக் கொட்டினால் வாசகர் பெட்டி கட்டிக்கொண்டு சுற்றுலா கிளம்பிவிடுவார்.)

பிறகு இப்படி: "ஆகோஷுக்கும் யோலானுக்கும் ஒரு காலத்தில் —" (இதுவும் வேண்டாம். இருவருக்கும் நடுவில் ஏதோ இருந்தது என்று எதெல்கா சந்தேகப்பட்டாள், உண்மைதான். அவள் சந்தேகத்தை நான் தொடக்கமாக வைத்தால் அது உண்மையாகிவிடும். அச்சில் வந்ததை நம்புகிற வியாதி நம் எல்லாருக்கும் உண்டு.)

ஆகவே தட்டையாகவே தொடங்குகிறேன். அலங்காரம் தேடுகிறவர்கள் மன்னிக்கவும்.

2.

எதெல்கா பாட்டெழுதுகிறவள். ஆகோஷ் ரிமாய் மெட்டுப் போடுகிறவன். இருவரும் சேர்ந்து 'வெந்நீர் மாளிகை' என்று ஓர் இசை நாடகம் செய்தார்கள். ஒரு பொதுக் குளியல் மாளிகையில் நடக்கும் கதை. உடுப்பைக் கழற்றியவர்கள் பொய்யையும் கழற்றிப் போடுவார்கள். பல வருடம் ஓடியது. அதில் வாசலில் துண்டு கொடுக்கும் பெண்ணாக நடித்தவள் யோலான். அவளுக்கு ஒரே ஒரு பாட்டு:

எல்லார் முதுகும் எனக்குத் தெரியும்,
என் முகம் யாருக்குத் தெரியும்?

அவள் அதைப் பாடும்போது, இருமலைக்கூட வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தவர்கள் போல அரங்கம் உட்கார்ந்திருக்கும்.

அந்த நாடகத்தைப் படமாக்க ஓர் இயக்குநர் வந்தான். பெயர் பர்னா. முப்பது சொச்சம் வயது. மேடையில் பத்தொன்பது பாட்டு. படத்தில் ஏழோ எட்டோதான் தாங்கும் என்றான். எதை வைப்பது, எதை விடுவது என்று பேச மூவரும் ஆகோஷின் வீட்டில், பியானோ அறையில், காலை வேளைகளில் கூடினார்கள்.

பர்னா கெட்டிக்காரன் என்பதை எதெல்காவே ஒத்துக்கொள்கிறாள். பிடிக்காமல்தான்.

"எதெல்கா நேனி*, முதல் அங்கத்துல நாலாவது பாட்டு. ஆளு உள்ள போய்ச் சட்டை மாத்திட்டு வர்றதுக்காக வச்சிருக்கீங்க. சினிமாவுல சட்டை தானா மாறும். அந்தப் பாட்டு எதுக்கு?"

"சட்டைக்காக ஒண்ணும் எழுதல" என்றாள். பிறகு, "சரி, சட்டைக்காகத்தான் எழுதினேன். தூக்கு" என்றாள்.

சதுரங்கம் ஆடும் கிழவர்களின் வேடிக்கைப் பாட்டும் போனது. அது சிரிப்புக்கு இடம் விட்டு எழுதிய பாட்டு. "தியேட்டர்ல யாரும் சிரிக்கலன்னா அந்த இடமெல்லாம் பல்லு போன வாய் மாதிரி தெரியும்" என்றான் பர்னா. தொடக்கக் கூட்டுப் பாட்டும் போனது: குளியல் மாளிகை எப்படி இருக்கும் என்று முப்பது பேர் பாடிச் சொல்வதைக் கேமரா ஒரு திரும்பலில் காட்டிவிடும்.

நியாயம்தான். மேடையில் தூரத்தில் இருப்பவன் முகம் தெரியாது. அதனால் அவன் மனதைப் பாட்டாகப் போட்டுப் பின்வரிசைவரை எறிய வேண்டியிருக்கிறது. படத்தில் முகமே வந்து மடியில் உட்கார்ந்துகொள்கிறது. பிறகு எதற்குப் பாட்டு? முகத்தால் சொல்ல முடியாததற்கு மட்டும். அப்படி ஒன்று உண்டா என்பதுதான் அந்த அறையில் நடந்த வழக்கு.

அப்போதுதான் ஆகோஷ், பியானோவைப் பார்த்தபடியே சொன்னான்:

"துண்டுக்காரி பாட்டையும் எடுத்துடலாம்."

"எதை?"

"காதுல விழுந்துதுல்ல."

தன் மெட்டுகளிலேயே ஊர் அதிகம் கொண்டாடிய மெட்டை அவனே வேண்டாம் என்கிறான். எதெல்காவுக்கு அதைவிட உறுத்தியது வேறொன்று. பர்னா ஆச்சரியப்படவில்லை. காப்பியில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இருந்தான்.

(* நேனி: அத்தையும் இல்லை, பாட்டியும் இல்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு நாற்காலி போட்டு, அதில் ஒரு பெண்ணை மரியாதையாக உட்காரவைத்துக் கிழவியாக்கும் சொல்.)

3.

மறுநாள் அவள் ஆழம் பார்த்தாள்.

"ஆகோஷ், உன் நீராவி வால்ஸ் நடன மெட்டும் நீளம்தான். தூக்கிடலாமா?"

"தூக்கிடு" என்றான்.

இதே வால்ஸில் நாலு அடி குறைத்ததற்காக ஒரு இசைக்குழுத் தலைவனோடு ஒரு பருவம் முழுக்கப் பேசாமல் இருந்தவன் அவன். பிள்ளைக்கு நகம் வெட்டவே மனம் வராதவன், காலை வெட்டு என்கிறான். பூனை பாலை வேண்டாம் என்றால் வேறெங்கோ குடித்துவிட்டு வந்திருக்கிறது என்று பொருள். எங்கே குடித்தது?

அவள் புறநகர் ரயிலேறிச் சென்டெந்த்ரேவுக்குப் போனாள். யோலான் இப்போது அங்கேதான் இருக்கிறாள். மேடையை விட்டுவிட்டாள். குழந்தைகளுக்கான கேலிச் சித்திரங்களுக்கு டப்பிங் பேசுகிறாள்.

"வாடீ. செருப்போடவே வா, தரை ஐஸ் மாதிரி இருக்கு" என்றாள் யோலான்.

மேசையில் கசகசா வைத்துச் சுட்ட சுருள் ரொட்டி. பாதி தின்றது. பெட்டியைப் பார்த்ததுமே எதெல்காவுக்குத் தெரிந்துவிட்டது. ஆகோஷின் வீட்டுக்குக் கீழே இருக்கும் கடையின் பெட்டி அது.

"எப்ப வந்தான்?"

"யாரு?"

"கசகசா."

யோலான் சிரித்துவிட்டாள். "போன வாரம். படத்துல சின்னப் பொண்ணு ஒருத்தி துண்டுக்காரியாம். வாய அவ அசைப்பாளாம், குரல் என்னோடதாம். ஒத்துக்கிறியான்னு கேட்டான்."

"நீ என்ன சொன்ன?"

"கரடிக்குக் குரல் குடுக்கிறேன், நரிக்குக் குடுக்கிறேன். அதுங்க எங்கிட்டேர்ந்து ஒண்ணும் எடுத்துக்கல. இவ என் பாட்டை வாயில போட்டுக்கிட்டு என் மூஞ்சியத் தொடச்சிடுவா. வேணாம்னுட்டேன்."

"அதனாலதான் பாட்டையே எடுக்கச் சொல்றானா?"

யோலான் சுருளில் ஒரு துண்டு வெட்டி நீட்டினாள். "அப்படித்தான்னு வச்சுக்கோயேன்."

(இங்கே நான் குறுக்கிட வேண்டியிருக்கிறது. முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது என்பது நமக்குத் தாய்ப்பாலோடு வந்த பழக்கம். அதனால் யோலானின் கோபம் முதலில் எனக்கு விளங்கவே இல்லை. இதற்குப் போயா என்று கேட்டேன். எதெல்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அதன் பிறகுதான் யோசித்தேன்: நம் ஊர்ப் பின்னணிப் பாடகிகளை யாராவது ஒருநாள் உட்காரவைத்து, உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டிருப்போமா?)

அந்த 'வச்சுக்கோயேன்'தான் எதெல்காவின் தொண்டையில் நின்றது. மக்யார் எனும் ஹங்கேரிய மொழியில் யோலான் சொன்ன சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் இல்லை. கதவைத் திறக்கவும் செய்யாமல், மூடவும் செய்யாமல் காலை வைத்து நிறுத்துகிற சொல். திரும்பி வரும் வழியெல்லாம் அதையே மென்றாள். யோலானுக்காகத்தான் என்றால் அவன் ஏன் தன்னிடம் சொல்லவில்லை? தான் மட்டும் என்ன, எதிரியா?

4.

இந்தப் பகுதியை இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அந்த மெட்டு ஆகோஷுடையதே அல்ல. ஒத்திகையில் யோலான் முணுமுணுத்ததை அவன் எழுதிக்கொண்டான். படம் வந்தால் குட்டு உடைந்துவிடும். எழுதும்போது என் கை ஓடியது பாருங்கள், அப்படி ஓடியது. கை அவ்வளவு வேகமாக ஓடினால் நான் நிறுத்திவிடுவேன். ஏற்கெனவே பலர் நடந்து தேய்ந்த பாதையில்தான் அவ்வளவு வேகமாகப் போக முடியும். கிழித்துவிட்டேன்.

நடந்தது இதுதான். ஆகோஷின் வீட்டில், பர்னா சிகரெட் பிடிக்க வெளித்தாழ்வாரத்துக்குப் போயிருந்தான்.

"சுருள் எப்படி இருந்துச்சாம் யோலானுக்கு?" என்றாள் எதெல்கா.

ஆகோஷ் திரும்பவில்லை.

"அவளுக்காகத்தான்னு நேரா சொல்லியிருக்கலாம்ல? நான் என்ன கல்லா?"

"அவளுக்காக இல்ல."

"பின்னே?"

அவன் அந்த மெட்டை வாசித்தான். முழுக்க. அவள் குளிருக்குக் கட்டியிருந்த சால்வையை இறுக்கிக்கொண்டாள். இத்தனை வருடம் கழித்தும் அந்த மெட்டு செய்யும் வேலையைச் செய்தது. பிறகு அவன் பியானோவை மூடிவிட்டு, பத்திரிகை வாசிக்கிறவன் போல வார்த்தைகளை மட்டும் சொன்னான். "எல்லார் முதுகும் எனக்குத் தெரியும், என் முகம் யாருக்குத் தெரியும். அப்புறம்? ஆவி, கண்ணீர். மறுபடியும் ஆவி, கண்ணீர். யோலான் வாயில இது பாட்டு, எதெல்கா. வேற எவ வாயில போட்டாலும் இது புகார்."

அவள் மூடிய பியானோவின்மேல் கை ஊன்றினாள்.

"இத்தனை வருஷமா இத மனசுல வச்சுக்கிட்டா எங்கூட உக்காந்து சாப்பிட்ட?"

"ஓடிட்டிருந்த வண்டி. அச்சாணிய எதுக்குக் கழட்டணும்?"

ஆகோஷ் பொய் சொன்னால் அவன் காது சிவக்கும். அவள் காதைப் பார்த்தாள். சிவந்துதான் இருந்தது. ஆனால் அன்று அந்த வீட்டில் கணப்பு வேலை செய்யவில்லை. கண்ணாடியில் பார்த்தால் அவள் காதும் சிவப்பு.

வீட்டுக்கு வந்து, குழாயடியில் பாத்திரம் கழுவியபடி தன் வார்த்தைகளைத் தானே சொல்லிப் பார்த்தாள். புகார் மாதிரித்தான் கேட்டது. யோலான் நிறுத்துகிற இடத்தில் நிறுத்திச் சொல்லிப் பார்த்தாள். பாட்டாகிவிட்டது. மறுபடி சொன்னாள், புகார். யோலானைக் காப்பாற்றத் தன்னைக் குத்தினானா, தன்னைக் குத்த யோலானைச் சாக்காக்கினானா? தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். ஏற்கெனவே கழுவிய தட்டு அது.

5.

கடைசிக் காலை. வால்ஸ் பிழைத்துக்கொண்டது, பர்னாவே கெஞ்சி வாங்கினான். துண்டுக்காரி பாட்டு ஒன்றுதான் பாக்கி.

"எடுத்துடலாம்" என்றான் ஆகோஷ்.

"இருக்கட்டுங்க" என்றான் பர்னா. "துண்டுக்காரியா நடிக்கிற நம்ம பொண்ணே பாடட்டும். சோதிச்சுப் பாத்துட்டேன், நல்லாவே பாடுறா."

"அவளா? ரெண்டு பேரும் யோலானோட குரலத்தான கேட்டீங்க?" என்றாள் எதெல்கா.

பர்னா விழித்தான். "யோலான் நேனியா? அவங்க குரல் எதுக்கு? யாரு கேட்டா?"

எதெல்கா ஆகோஷைப் பார்த்தாள். ஆகோஷ் சன்னலைப் பார்த்தான். சன்னலில் எதுவும் இல்லை. எதிர் வீட்டுச் சுவர்தான்.

(வாசகரே, நீங்களும் என்னோடு விரல் மடக்குங்கள். யாரும் கேட்காமலே யோலானைப் படத்துக்குள் கொண்டுவர அவன் தானாகப் போய்க் கெஞ்சியிருக்கலாம். அல்லது அவன் சுருள் மட்டும் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம், மிச்சத்தை யோலான் சமைத்திருக்கலாம். அல்லது பர்னா இப்போது நடிக்கிறான். இயக்குநர்களுக்கு அது தெரியாதா என்ன? எதெல்காவுக்கு எது உண்மை என்று தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்து நீங்கள் இதுவரை வந்திருந்தால், அதில் உங்களுக்குச் சந்தேகம் வராமல் போனது உங்கள் பிழை.)

"நீங்க சொல்றதுதான் முடிவு நேனி" என்றான் பர்னா. "ஓட்டு ஒண்ணுக்கு ஒண்ணு நிக்குது."

எதெல்கா எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள். பொத்தான்களைப் போட்டபடியே சொன்னாள்:

"மெட்டு இருக்கட்டும். வார்த்தை வேணாம். அந்தப் பொண்ணு தன் பாட்டுக்குத் துண்டு குடுக்கட்டும். யாரும் வாயத் திறக்க வேணாம்."

பர்னா துள்ளிக் குதித்தான். அவன் தலைக்குள் கேமரா அப்போதே நகரத் தொடங்கிவிட்டது.

ஆகோஷ்தான் வெளிறிப்போனான். "அது உன் பாட்டு, எதெல்கா."

"வார்த்தை என்னோடது. எடுக்கிறதும் நானே எடுத்துக்கிறேன்."

6.

முடிவுக்கு வந்துவிட்டோம். எழுதிக் கைவிட்ட முடிவுகளையும் மறைக்காமல் வைக்கிறேன்.

முதல் காட்சியன்று அந்த மெட்டு வந்ததும் இருட்டில் யோலான் எழுந்து நின்று பாடுகிறாள், அரங்கமே எழுந்து கூடப் பாடு — (கூச்சமாக இருந்தது. அடித்துவிட்டேன்.)

ஆகோஷ் மருத்துவமனையில், சாகும் தறுவாயில், உண்மையை — (சாகிறவன் பொய் சொல்லமாட்டான் என்று நம்புகிறவர்களுக்கான முடிவு. அவன் நன்றாகத்தான் இருக்கிறான். நேற்றுக்கூட டிராமில் பார்த்தேன்.)

நடந்தது இவ்வளவுதான். முதல் காட்சிக்கு யோலான் வந்தாள். எதெல்காவின் பக்கத்து இருக்கை. ஆகோஷ் மூன்று வரிசை முன்னால், தலையைக் கொஞ்சம் சாய்த்து உட்கார்ந்திருந்தான். அந்தக் காட்சி வந்தது. இளம்பெண் துண்டுகளை மடித்து அடுக்குகிறாள். ஈர முதுகுகள் ஒவ்வொன்றாகப் போகின்றன. நீட்டுகிறாள், வாங்குகிறார்கள், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மெட்டு மட்டும் போகிறது, பாடுவார் இல்லாமல். பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். வார்த்தை இல்லாததாலா, இருந்திருந்தால் இன்னும் அழுதிருப்பார்களா? அதையும் எதெல்கா சந்தேகப்பட்டாள்.

யோலான் அவள் பக்கம் சாய்ந்தாள். காதோரம் கேட்டாள்:

"எனக்காகவா செஞ்ச?"

ஆமாம் என்றால், யோலான் ஆயுசுக்கும் கடன்பட்டவளாகிவிடுவாள். அதை அவள் மன்னிக்கமாட்டாள். இல்லை என்றால், தன் வார்த்தை வெறும் புகார் என்று ஆகோஷ் சொன்னதைத் தானே ஒத்துக்கொண்டதாகும். இரண்டும் இல்லை, அந்த மெட்டு தனியாக நின்று தடுமாறட்டும் என்று அவன்மேல் இருந்த ஆத்திரத்தில் செய்தேன் என்றால், மெட்டு தடுமாறவே இல்லை. மூன்று வரிசை முன்னால் அவன் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

எதெல்கா யோலான் பக்கம் திரும்பினாள். திரை வெளிச்சத்தில் அவள் வாய் திறந்தது.

மெட்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வார்த்தையை நீங்கள் போடுங்கள்.