டிரையருக்கு மேலே ஓர் ஆணி

மடுல்சீமையில் தயிர்ச் சட்டியை லொறியில் ஏற்றினால், பதுளையில் வெண்ணெய் வேறு மோர் வேறாக இறங்கும். ரோடு அப்படி. இதைச் சொன்னவன் லொறிக்கார ஜொனி. அவன் சொன்னதைப் பொய்யென்று இதுவரை யாரும் நிரூபித்ததில்லை, கூடப் போய்ப் பார்க்க யாருக்கும் இடுப்பு இடம் கொடுக்கவில்லை.

அந்த ரோட்டில்தான் தேயிலைத் தோட்டத்து பக்டரிக்குப் புது டிரையர் வந்தது. அரைத்த கொழுந்தைச் சூட்டில் காய வைக்கிற மெஷின். அதைப் பூட்டிக் கொடுக்கக் கோயம்புத்தூரிலிருந்து ஹர்ஜோத் சிங் என்று ஒரு மெக்கானிக்கும் கூடவே வந்தார். நீலத் தலைப்பாகை, நெஞ்சு வரைக்கும் தாடி. பிறந்தது பஞ்சாப், பிழைப்பெல்லாம் கோயம்புத்தூர். ஆகையால் பக்டரியில் மற்ற எல்லாரையும்விட மரியாதையான தமிழ் அவருடையதுதான். ஸ்பேனரைக்கூட "வாங்க" என்றுதான் எடுப்பார்.

டிரையரைப் பார்த்துக்கொள்கிற சிங்கராயருக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. மெஷினைப் பூட்டி முடித்த அன்றைக்குத்தான் தொல்லை ஆரம்பித்தது.

அந்த பக்டரியில் ஒரு வழக்கம். எந்த மெஷினை யார் பூட்டினாரோ, அவருடைய சாமி படம் அந்த மெஷினுக்கு மேலே ஆணியில் தொங்க வேண்டும். பெரிய எஞ்சினுக்கு மேலே அந்தோனியார். கொழுந்து அரைக்கிற ரோலருக்கு மேலே முருகன். கரண்ட் போர்டுக்கு மேலே மக்கா படம். அதைப் பூட்டியவர் பதுளை பஜாரில் பல்பும் படச் சட்டமும் விற்கிற மொஹிதீன். பழைய டிரையருக்குப் படம் மாட்டுவதற்குள் யாரோ அவசரப்பட்டு அடுப்பு மூட்டினார்கள். அது ஒரு நாள் தீப்பிடித்துக் கரியாகப் போனது. முப்பது வருஷம் நன்றாக ஓடிய பிறகுதான் பிடித்தது என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

"ஆணி காலியா இருக்கு. பொம்பளைங்க ஒருத்தியும் உள்ள கால் வைக்க மாட்டோம்" என்றாள் மதலேனா. தூள் சலிக்கிற பெண்களுக்கு அவள்தான் தலைவி. சிங்கராயருக்கு மனைவி, ஆகவே அவருக்கும் தலைவி.

தோட்டத்தை நடத்துகிற துரை வேறொன்று சொல்லியிருந்தார். திங்கட்கிழமை டிரையர் ஓடாவிட்டால் கொழுந்தெல்லாம் வேறு பக்டரிக்குப் போகும், இதை இழுத்து மூடிவிடுவார்கள், சிங்கராயர் மலையில் புல்லு வெட்டப் போகலாம். சிங்கராயரின் முழங்கால்கள் மலையை நிமிர்ந்து பார்த்தாலே வலிக்கிறவை.

அவர் சிங்கிடம் போனார்.

"ஐயா, ஒங்க சாமி படம் ஒண்ணு வேணுமே."

"படம் இல்லீங்க."

"கொண்டு வரலியா?"

"எங்கயுமே இல்லீங்க. அவருக்கு உருவம் இல்ல."

சிங்கராயர் யோசித்தார். "சரி, கை எத்தனைன்னு சொல்லுங்க. வரையச் சொல்லிருவோம்."

"கை இல்லீங்க."

"வாகனம்?"

"இல்லீங்க."

"பொறந்த நாளாச்சும்?"

"அவரு பொறக்கவே இல்லீங்க. தானா இருக்கறவரு. காலத்துக்கு வெளிய இருக்கறவரு. சாவும் இல்ல."

"யாரைக் கொன்னாரு? சூரன் மாதிரி யாரும்..."

"யார் மேலயும் பகை இல்லாதவருங்க. பயமும் இல்ல. ஒருத்தர்தான், உண்மைதான் அவரு பேரு."

பகையும் இல்லை, ஆயுதமும் இல்லை, பெண்டாட்டி பிள்ளையும் இல்லை. படத்தில் போட என்னதான் மிச்சம் என்று சிங்கராயருக்குக் கவலையாகிவிட்டது.

"ஒங்க போன்ல தாடிக்காரர் ஒருத்தர் படம் இருக்கே?"

"அது எங்க குரு நானக்குங்க. வழி காட்டினவரு, கடவுள் இல்ல. குடுத்தா நீங்க கற்பூரம் காட்டுவீங்க."

"காட்டாம?"

"அதுக்குத்தானுங்க குடுக்கல."

சிங்கராயர் மொஹிதீனுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் பெருமூச்சு. "என்கிட்டயும் இப்படித்தான் கேட்டீங்க. அல்லாஹ்வுக்குப் படம் கெடையாதுன்னு தொண்டைத்தண்ணி வத்தக் கத்தினேன். ஒங்க பொம்பளைங்க விடல. மக்கா படத்தைக் குடுத்துட்டுத் தப்பிச்சேன்."

முழங்கால் நினைவுக்கு வந்தது. சிங் ஜன்னல் ஓரமாக நின்று தேத்தண்ணி குடித்தபோது சிங்கராயர் போனில் ஒரு படம் எடுத்து மொஹிதீனுக்கு அனுப்பி, யாரென்று மட்டும் சொல்லாமல் விட்டார். மொஹிதீன் சட்டம் போட்டு ஜொனியிடம் கொடுத்துவிட்டார். தலைக்குப் பின்னால் ஓர் ஒளிவட்டமும் இருந்தது. கேட்காமலே போட்டது, கடை வழக்கம்.

திங்கட்கிழமை காலையில் சிங் உள்ளே வந்தார். டிரையருக்கு மேலே தாமே தொங்குவதைக் கண்டார். மாலை, சந்தனம், கீழே எலுமிச்சம்பழம். ஊதுபத்திப் புகை அவர் தாடிக்குள் சுற்றிச் சுற்றிப் போயிற்று, படத்துத் தாடிக்குள்.

"இது நானுங்க" என்றார்.

"ஆமாங்க."

"எனக்கு எதுக்குங்க எலுமிச்சம்பழம்?"

"ஒங்களுக்கு இல்லீங்க. படத்துக்கு."

"நான் சாமி இல்லீங்க."

"அது தெரியுங்க. ஆனா வட்டம் நல்லா விழுந்திருக்கு."

சிங் ஏணி போட்டு ஏறிப் படத்தைக் கழற்றினார்.

"கோவமாங்க?" என்றார் சிங்கராயர்.

"பகையே இல்லாதவரைக் கும்புடறவன் கோவப்பட்டா நல்லா இருக்காதுங்க. கொஞ்ச நேரம் வெளிய நின்னுட்டு வர்றேன்."

அவர் வெளியே நின்றார். பெண்களும் எழுந்து வெளியே போய் வாசலை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். உள்ளே அரைத்த கொழுந்து குவிந்துகொண்டிருந்தது. துரை வந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு சிங்கராயரைப் பார்த்தார், பிறகு மலையைப் பார்த்தார். சிங்கராயரின் முழங்கால்கள் இரண்டும் ஒரே நேரத்தில் புரிந்துகொண்டன.

சிங் திரும்பி வந்து பெண்கள் முன்னால் கைகூப்பி நின்றார். "அம்மா, எங்க கடவுளைச் சட்டத்துக்குள்ள அடைக்க முடியாதுங்க. அவரு படைச்சது எல்லாத்துலயும் அவரே நிறைஞ்சிருக்காரு."

மதலேனா நிமிர்ந்தாள். "எல்லாத்துலயுமா?"

"ஆமாங்க."

"நெருப்புல?"

"இருக்காரு."

"இந்தத் துரைக்குள்ள?"

சிங் துரையைப் பார்த்தார். துரையும் ஆவலாகப் பார்த்தார். "இருக்காருங்க."

"கஷ்டந்தான்" என்றாள் மதலேனா. "சொவத்துல?"

"இருக்காரு."

"ஆணியில?"

"ஆணியிலயும் இருக்காருங்க."

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன? வாங்கடி!"

அவள் உள்ளே போய், படத்திலிருந்து மாலையை உருவி, ஆணியிலேயே மாட்டினாள். ஆணித் தலையில் சந்தனம் வைத்தாள், குங்குமமும் வைத்தாள். எலுமிச்சம்பழம் பழைய இடத்திலேயே இருந்தது. பெண்கள் கும்பிட்டுவிட்டுச் சலிக்கப் போனார்கள். சிங் வாயைத் திறந்தார். அதற்குள் சிங்கராயர் அடுப்பை மூட்டிவிட்டார். மூட்டிய டிரையரின் சத்தத்தில் யார் என்ன சொன்னாலும் கேட்காது.

பக்டரி மூடவில்லை. அந்தக் கிழமை காய்ந்த தேயிலையின் வாசத்துக்கு மலைக்கு அந்தப் பக்கம் மேய்ந்த மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்தன என்று ஜொனி சொல்கிறான். கொஸ்லந்தையில் இருந்து ஒருவர் வந்து, அதே பாக்கெட்டில் மிச்ச ஆணி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனது மட்டும் எல்லாரும் கண்ணால் பார்த்தது.

ஊருக்குப் போன சிங், டிரையர் எப்படி என்று அவ்வப்போது போன் பண்ணுவார்.

"ஆணியில ஒண்ணும் இல்லீங்களே?"

"படம் ஒண்ணும் இல்லீங்க" என்பார் சிங்கராயர்.

"மாலை?"

"இருக்குங்க."

"அதக் கழட்டிருங்களேன்."

"கழட்டலாங்க. ஆனா மாலையிலயும் அவருதான் இருக்காருன்னு மதலேனா சொல்றா. இல்லைன்னு நீங்க ஒரு வார்த்தை அவகிட்டச் சொல்லிட்டீங்கன்னா..."



"டிரையர்ல சூடு எவ்வளவு வச்சிருக்கீங்க?" என்றார் சிங்.